தொடுவில்லைப் பரிசோதனைக்குக் கட்டணம் மிகுவது ஏன்?



பெங்களூரில் தமிழர் குடியேறி வாழ்வது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் படையின் பாசறையாகிய தண்டு இந்நகரில் அமைந்த காலமுதல், அலசூரிலும் சிவாஜி நகரிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் நம்மவர் வழிவழியாக வாழ்ந்து வருகின்றனர். அண்மைக் காலத்தில் கணிப்பொறித் தொழிலை நாடி வந்த இளைஞர்கள் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பெருந்தொகையினராகக் குடியேறியிருக்கின்றனர். நாள் முழுதும் திரையை நோக்கி உழைக்கும் இவர்களிற் பலர் மூக்குக் கண்ணாடி அணிபவர்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் கண்ணாடியை விடுத்து, காண்டாக்ட் லென்ஸ் எனப்படும் தொடுவில்லையை நாடுகின்றனர். வேலைக்காகவும், விளையாட்டுக்காகவும், திருமணத்தை முன்னிட்டும் இவ்விருப்பம் எழுவது இயல்பே.

இவ்வாறு நாடிச் செல்வோர்க்கு மருத்துவமனையின் கட்டணச் சாளரத்தில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. வழக்கமான கண் பரிசோதனைக்கு ஒரு கட்டணமும், தொடுவில்லைக்கான பரிசோதனைக்கு அதனினும் மிகுந்த வேறொரு கட்டணமும் கேட்கிறார்கள். கண் அதுவே, பரிசோதிக்கும் அறையும் அதுவே, சில வேளைகளில் பரிசோதிப்பவரும் அவரே. அவ்வாறிருக்கக் கட்டணம் மட்டும் ஏன் வேறுபட வேண்டும்? வில்லையின் விலையைத் தனியே கொடுக்கத்தானே போகிறோம்? இவ்வாறு வினவுவோர் பலர். விடை கிடைக்காதபோது, அவர்களிற் சிலர் தம்மிடமுள்ள கண்ணாடிச் சீட்டின் எண்ணைக் கொண்டே இணையக் கடையில் வில்லையை வரவழைத்துக் கண்ணில் இட்டுக்கொள்கிறார்கள். வினா நியாயமானது. ஆனால் இந்த முடிவு ஆபத்தானது. ஆதலின், இக்கட்டணம் எதற்காக வாங்கப்படுகிறது, அதற்கு ஈடாக நாம் பெற வேண்டியவை எவை என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில், வழக்கமான பரிசோதனையில் நிகழ்வது யாதெனக் காண்போம். நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஸ்நெல்லன் என்பவர் 1862ஆம் ஆண்டில் வகுத்த எழுத்துப் பலகையை ஒட்டியே இன்றும் பார்வையின் கூர்மை அளக்கப்படுகிறது. ஆறு மீட்டர்த் தொலைவில் வரிவரியாகச் சிறுத்துச் செல்லும் எழுத்துகளில் எவ்வரி வரை நம்மால் படிக்க முடிகிறது என்று பார்க்கிறார்கள். பின்னர் மாற்றி மாற்றிக் கண்ணாடிகளை இட்டு, எது தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டுக் குறையின் அளவைக் கணிக்கிறார்கள். கண்ணின் உள்ளழுத்தத்தை அளப்பதும், கண்ணின் பின்புறத்தே அமைந்த விழித்திரையைச் சோதிப்பதும் முழுமையான பரிசோதனையின் பகுதிகளாகும். இவற்றின் முடிவில் நமக்குக் கிடைப்பது ஒரு சீட்டு. அதனைக் கொண்டு எந்தக் கடையிலும் கண்ணாடி செய்துகொள்ளலாம். கண்ணாடி சிறிது பொருந்தாவிடினும், மூக்கில் தழும்பு விழும், அல்லது தலை நோகும். கழற்றி வைத்துவிட்டால் அத்தொல்லை தீர்ந்தது.

இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணாடிக் கடைகள் பல இலவசப் பரிசோதனை என்று விளம்பரம் செய்கின்றன. கருவிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு அக்கடைகளுக்கும் உண்டு. அச்செலவைச் சட்டத்தின் விலையிலும் கண்ணாடியின் விலையிலும் சேர்த்து நம்மிடமே பெற்றுக்கொள்கின்றன. அதில் தவறில்லை. எனினும், இலவசம் என்று பழகிப்போன ஒன்றோடு ஒப்பிட்டு நோக்குவதாலேயே தொடுவில்லைப் பரிசோதனையின் கட்டணம் நமக்கு மலையாகத் தோன்றுகிறது என்பதை மறத்தலாகாது.

இனித் தொடுவில்லைக்கு வருவோம். கண்ணாடி கண்ணுக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. தொடுவில்லையோ கண்ணின்மீதே அமர்கிறது. இந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி நீங்குவதே இருவகைப் பரிசோதனைகளின் வேறுபாட்டுக்கெல்லாம் மூலகாரணம்.

கைக்கடிகாரத்தின் முகப்பில் வளைந்த கண்ணாடி மூடியிருப்பதுபோல், நம் கண்ணின் முன்புறத்தே தெளிந்த படலம் ஒன்று அமைந்திருக்கிறது. இதனைக் கருவிழிப் படலம் என்பர். இதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. ஒளியை வளைத்து விழித்திரையில் சேர்க்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படலத்தினுடையது. ஒளி தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதற்காக இதில் இரத்தக் குழாய்களே இல்லை. இரத்தம் இல்லாத இடத்துக்கு உயிர்வளி எவ்வாறு கிட்டும்? வெளிக்காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலத்தில் கரைந்தே கிட்டுகிறது. அதாவது, நம் கருவிழி நேரே காற்றிலிருந்து மூச்சு விடுகிறது எனலாம். அதன்மேல் ஒரு வில்லையைப் பொருத்தினால், அந்த மூச்சின் வழியில் திரையிட்டவர்களாகிறோம். அத்திரை மெல்லியதாக, காற்றைக் கடத்துவதாக, இமைக்குந்தோறும் சிறிது அசைந்து புதுக் கண்ணீரை உள்ளே விடுவதாக இருத்தல் வேண்டும். இறுகப் பற்றினால் கருவிழி மூச்சுத் திணறும். மிகத் தளர்ந்தால் உராய்ந்து புண்ணாக்கும்.

ஆகவே, கண்ணாடிக்கான பரிசோதனை இக்கண்ணால் எவ்வளவு காண இயலும் என்று கேட்கிறது. தொடுவில்லைக்கான பரிசோதனை அதனோடு நில்லாது, இக்கண்ணால் எதைத் தாங்க இயலும் என்றும் கேட்கிறது. இரண்டாவது வினாவுக்கு விடை காணத் தேவைப்படும் அளவுகளும் நேரமும் மிகுதி.

கண்ணாடிச் சீட்டின் எண் போதாதா என்பர் சிலர். போதாது. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அந்த எண்ணே மாறிவிடுகிறது. கண்ணாடியில் மைனஸ் 6 டயாப்டர் தேவைப்படும் ஒருவர்க்கு, வில்லை கண்ணின்மேல் அமரும்போது ஏறத்தாழ மைனஸ் ஐந்தரையே போதுமானது. மைனஸ் 10 உடையவர்க்கு ஏறத்தாழ மைனஸ் 9 போதும். பிளஸ் எண் உடையவர்க்கு இது தலைகீழாக மாறி, வில்லையின் ஆற்றல் கூட வேண்டியிருக்கும். குறைந்த எண்களில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத் தக்கது. எண் ஏற ஏற வேறுபாடும் ஏறும். இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. கருவிழியின் வளைவும் அகலமும் மனிதர்க்கு மனிதர் வேறுபடும். ஒரே எண்ணில் கண்ணாடி அணியும் அண்ணன் தம்பியர் இருவர்க்கும் வளைவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வளைவையும் விட்டத்தையும் பற்றிக் கண்ணாடிச் சீட்டில் ஒரு சொல்லும் இராது. எண்ணை மட்டும் கூறி வில்லை வாங்குவது, காலின் அளவைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் சொல்லிச் செருப்பு வாங்குவதை ஒக்கும்.

இப்போது, முறையாக நடைபெறும் தொடுவில்லைப் பரிசோதனையைப் படிப்படியாக நோக்குவோம்.

முதற்படி விசாரணை. செய்யும் தொழில் யாது, குளிரூட்டிய அறையில் எத்தனை மணி நேரம் இருக்கிறார், இருசக்கர வண்டியில் புழுதிக் காற்றில் செல்பவரா, நீரிழிவு உண்டா, என்ன மருந்து உட்கொள்கிறார் என்றெல்லாம் கேட்டறிகிறார்கள். பெங்களூரைப் பொறுத்தவரை ஒவ்வாமை பற்றிய கேள்வி மிக முக்கியமானது. மரங்களின் பூந்துகளும், பார்த்தீனியச் செடியும், கட்டட வேலைகளின் தூசியும் சேர்ந்து இந்நகரில் பலர்க்குத் தும்மலையும் கண் அரிப்பையும் உண்டாக்குகின்றன. அரிக்கும் கண்ணில் வில்லையை இட்டு, அதன்மேல் தேய்ப்பது கேட்டுக்கு வழி.

இரண்டாம் படியில், ஸ்லிட் லாம்ப் என்னும் நுண்ணோக்கி விளக்கின் துணையால் கண்ணின் மேற்பரப்பை ஆராய்கிறார்கள். மேலிமையை மறித்துப் பார்த்து, உட்புறத்தில் ஒவ்வாமைத் தடிப்புகள் உண்டா என்று காண்கிறார்கள். கண்ணீர் போதிய அளவு சுரக்கிறதா, சுரந்த படலம் எத்தனை விநாடி கலையாமல் நிற்கிறது என்று கணக்கிடுகிறார்கள். திரையை உற்று நோக்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இமைப்புக் குறைந்தால் கண்ணீர்ப் படலம் உலர்கிறது. கணிப்பொறியின் முன்னர் நாளைக் கழிப்போர்க்கு இச்சோதனை தவிர்க்கலாகாத ஒன்று.

மூன்றாம் படியில் கருவிழியின் வளைவை அளக்கிறார்கள். இதற்குக் கெரட்டோமீட்டர் என்னும் கருவி பயன்படுகிறது. மேலும் நுட்பமாக, கருவிழியின் மேடு பள்ளங்களை நிலப்படம்போல் வண்ணத்தில் வரைந்து காட்டும் டோபோகிராஃபி என்னும் கருவியும் உண்டு. இக்கருவி விலை மிக்கது. வழக்கமான கண்ணாடிப் பரிசோதனைக்கு இது தேவைப்படுவதில்லை.

நான்காம் படி ஒத்திகை. அளவுகளுக்கு ஏற்ற மாதிரி வில்லை ஒன்றைத் தேர்ந்து கண்ணில் பொருத்துகிறார்கள். முதலில் கண்ணீர் பெருகும். அது தணிந்து வில்லை தன் இடத்தில் நிலைகொள்ளும் வரை, சில வேளை அரைமணி நேரம் வரையிலும், காத்திருக்க வேண்டும். பின்னர், இமைக்கும்போது வில்லை எவ்வளவு நகர்கிறது, நடுவில் நிற்கிறதா, ஓரத்தில் அழுத்துகிறதா என்று மீண்டும் பார்க்கிறார்கள். வில்லையோடு பார்வையையும் மறுபடி அளக்கிறார்கள். பொருந்தவில்லையெனில் வேறொரு வில்லை, மீண்டும் காத்திருத்தல், மீண்டும் அளத்தல். கண்ணில் இட்டுப் பார்த்த மென்வில்லையை வேறொருவர்க்கு இடாமல் எறிந்துவிட வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க. உருட்சிப் பிழையுள்ளவர்க்கான டாரிக் வில்லை கண்ணில் சுழலாமல் நிற்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர்க்கான பல்குவிய வில்லை தொலைவுக்கும் அண்மைக்கும் ஒருங்கே பயன்பட வேண்டும். ஆதலின் இவ்விரண்டுக்கும் ஒத்திகை இன்னும் நீளும்.

ஐந்தாம் படி பயிற்சி. கையைக் கழுவித் துடைப்பது, வில்லையின் உட்புறம் வெளிப்புறம் அறிவது, அணிவது, கழற்றுவது, கரைசலில் தேய்த்துக் கழுவி வைப்பது, கரைசலை நாள்தோறும் மாற்றுவது ஆகிய யாவற்றையும் கற்பித்து, புதியவர் தாமே அணிந்து கழற்றிக் காட்டிய பின்னரே வில்லையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். சிலர் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வர். சிலர் மறுநாளும் வர நேரிடும்.

ஆறாம் படி மறுபரிசோதனை. பொதுவாக ஒரு வாரம் அல்லது இரு வாரம் கழித்தும், பின்னர் ஆண்டுதோறும், வில்லை கண்ணுக்குத் தீங்கிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபுளோரசின் என்னும் மஞ்சள் சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியில் நோக்கினால், கருவிழியில் கீறல் உண்டான இடம் பச்சையாக ஒளிரும். உரியவரால் உணர முடியாத கீறலையும் இது காட்டிக்கொடுக்கும்.

நேயர்களே, இந்த ஆறு படிகளையும் வழக்கமான பரிசோதனையோடு ஒப்பிட்டால் கட்டணத்தின் கணக்கு விளங்கும். மருத்துவரும் ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் பார்வை அளவையாளரும் செலவிடும் நேரம், தனிக் கருவி, எறியப்படும் மாதிரி வில்லைகள், பயிற்சி, பின்னர் வரும் வருகைகள் ஆகிய ஐந்தின் செலவே அந்த மிகுந்த கட்டணம். பல இடங்களில் முதற் கட்டணத்திலேயே பின்வருகைகளும் அடங்கியிருக்கும்.

இத்துணைக் கவனம் எதற்கு என்பதைத் தொடுவில்லையின் வரலாறே புலப்படுத்தும். 1888ஆம் ஆண்டில் சூரிச் நகரிலிருந்த ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் ஃபிக் என்பவர், கண்ணில் அணியும் கண்ணாடி ஓடுகளைப் பற்றி எழுதினார். முதலில் முயல்களின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலும் அவற்றைப் பொருத்திப் பார்த்தார். வெண்விழி வரை மூடிய அந்தக் கனத்த ஓடுகளைச் சில மணி நேரத்துக்கு மேல் எவராலும் தாங்க இயலவில்லை. 1948இல் அமெரிக்கரான கெவின் டூஹி என்பார், கருவிழியின்மேல் மட்டும் அமரும் சிறு பிளாஸ்டிக் வில்லையை உருவாக்கினார். 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், பிராகு நகர வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே, குழந்தைகளின் கட்டட விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு சுழற்பொறி அமைத்து, நீரை ஏற்றுக்கொள்ளும் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்க அரசு மென்வில்லைக்கு ஒப்புதல் அளித்தது. 1990களின் இறுதியில் உயிர்வளியைப் பன்மடங்கு கடத்தும் சிலிகோன் ஹைட்ரோஜெல் வில்லைகள் வந்தன. கருவிழியின் மூச்சைத் தடுக்காத வில்லைக்கான தேடலே இவ்வரலாற்றின் பெரும்பகுதி.

வில்லை இவ்வாறு மென்மையடைந்ததில் ஒரு சங்கடமும் விளைந்தது. பழைய கடின வில்லை பொருந்தாவிடில் உடனே உறுத்தித் தன் குறையை அறிவித்துவிடும். இன்றைய மென்வில்லை பொருந்தாதபோதும் பல நாள் சுகமாகவே தோன்றும். உறுத்தல் இல்லை என்பதனாலேயே எல்லாம் நலம் என்று எண்ணிவிடுகிறோம். வலியும் சிவப்பும் தோன்றும்போது கேடு முதிர்ந்திருக்கக்கூடும்.

அந்தக் கேடு எத்தகையது? கருவிழியில் நுண்ணுயிர் புகுந்து புண்ணாவதே பெரும் அச்சம். 1989இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், மென்வில்லையைப் பகலில் மட்டும் அணிந்தோருள் 10,000 பேர்க்கு ஆண்டில் நால்வர் வீதமும், இரவிலும் கழற்றாமல் அணியும் வகையினருள் 10,000 பேர்க்கு 21 பேர் வீதமும் இப்புண்ணுக்கு ஆளானது தெரியவந்தது. தொகை சிறிதே. முறையாக அணிவோர் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் அணியும் முறை மாறினால் ஆபத்து ஐந்து மடங்காகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கலாம். கருவிழியின் நடுவில் நிற்கும் சிறு தழும்பு பார்வையை மங்கச் செய்யும். தழும்பு பெரிதானால், இறந்தவர் ஒருவரின் கண்தானத்தால் கிடைக்கும் மாற்றுக் கருவிழியே வழி. நம் நாட்டில் அதற்காகக் காத்திருப்போர் பலர்.

தண்ணீரைப் பற்றித் தனியே கூற வேண்டும். பெங்களூரின் குழாய்களில் காவிரி நீரும், பல குடியிருப்புகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும், கோடையில் லாரி நீரும் வருகின்றன. இவற்றுள் எதுவும் வில்லையைத் தொடலாகாது. குடிப்பதற்கு ஏற்ற தூய நீரும் வில்லைக்கு ஏற்றதன்று. அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் குழாய் நீரிலும் குளத்திலும் நீச்சற் குளத்திலும் வாழ்வது. அது கருவிழியில் புகுந்தால் கடும் வலி தந்து, மாதக்கணக்கில் மருத்துவம் வேண்டும் நோயை விளைக்கும். வில்லையோடு குளிப்பதும், நீந்துவதும், வில்லைப் பெட்டியைக் குழாய் நீரில் அலசுவதும் இதனாலேயே விலக்கப்படுகின்றன. எச்சிலைத் தொட்டு வில்லையை நனைப்பதும் கூடாது. பயிற்சிக்கென்று வாங்கும் கட்டணம், இத்தகைய விலக்குகளை ஒவ்வொருவர்க்கும் எடுத்துரைப்பதற்காகவே வாங்கப்படுகிறது.

தொடுவில்லை அழகுப் பொருள் என்றே பலர் எண்ணுகின்றனர். சிலர்க்கு அது மருந்து. கெரட்டோகோனஸ் என்னும் நோயில் கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்னே புடைக்கிறது. பெரும்பாலும் இளம் பருவத்திலே தோன்றும் இந்நோயில், எந்தக் கண்ணாடியாலும் தெளிந்த பார்வை கிட்டாத நிலை வரலாம். அப்போது, கருவிழியின் கோணலை மறைத்துச் சமதளமாக்கும் கடின வில்லையோ, வெண்விழியின்மேல் பாலம்போல் அமரும் ஸ்கிளீரல் வில்லையோ தேவைப்படும். இவற்றை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே அளந்து செய்ய வேண்டும். பல வருகைகளுக்குப் பின்னரே சரியான அளவு அமையும். இதன் கட்டணம் மேலும் உயர்வதற்குக் காரணம் இதுவே. கண்ணைத் தேய்க்கும் பழக்கம் இந்நோயோடு நெருங்கிய தொடர்புடையது என்று அறிந்துள்ளார்கள். ஒவ்வாமையால் ஓயாது கண்ணைக் கசக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கவனித்து, மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

கட்டணம் நியாயமானதே என்று கூறிவிட்டு, கேட்டதையெல்லாம் கொடுங்கள் என்று சொல்லி முடிப்பது நம் நோக்கமன்று. கொடுக்கும் பணத்துக்கு உரிய பணியைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. பணம் கட்டுவதற்கு முன்னரே சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இக்கட்டணத்தில் கண் பரிசோதனையும் சேருமா, அல்லது வில்லை பொருத்துதல் மட்டுமா? எத்தனை மறுவருகைகள் அடங்கும்? மாதிரி வில்லைக்குத் தனி விலை உண்டா? பயிற்சி தருபவர் யார்? கண் வில்லைக்கு ஏற்றதன்று என்று தெரிந்தால் ஏதேனும் திருப்பித் தருவார்களா? ஏற்கெனவே அணிந்து பழகியவர் ஆண்டுப் பரிசோதனைக்கு மட்டும் வந்தால் கட்டணம் குறையுமா? இவை கேட்கத் தகாத கேள்விகள் அல்ல. ஐந்து நிமிடத்தில் எண்ணை மட்டும் பார்த்து வில்லையைக் கையில் கொடுத்துவிட்டு மிகுந்த கட்டணம் வாங்குவார்களாயின், அக்கட்டணத்துக்கு நியாயம் இல்லை.

முடிவில் தொடுவில்லைக்கென்று தனிச் சீட்டை எழுதி வாங்க வேண்டும். அதில் ஆற்றல், வளைவு, விட்டம், வில்லையின் பெயர், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பன குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பொருத்துதல் முடிந்தவுடன் நோயாளர் கேளாமலே இச்சீட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று விதிக்கிறது. சீட்டு கையில் இருந்தால், எங்கு விலை குறைவோ அங்கு வாங்கும் உரிமை நமக்கு உண்டு என்பது அதன் கருத்து. நம் நாட்டிலும் கேட்டு வாங்குவது நல்லது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டு மருத்துவக் கருவிகள் யாவும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. வளையலும் பொட்டும் வாங்குவதுபோல் நிறவில்லையை அழகுக் கடையில் வாங்கி, தோழியரிடையே மாற்றி அணிவது அறவே கூடாது. எண் இல்லாத நிறவில்லைக்கும் கண்ணின் அளவு வேண்டும்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கே உரிய இடர் ஒன்று உண்டு. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குச் செல்லும்போது, அங்கே கட்டணம் குறைவு, மருத்துவரும் பழக்கமானவர் என்று கருதித் தொடுவில்லையைப் பொருத்திக்கொண்டு, மூன்றாம் நாளே பெங்களூருக்குத் திரும்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் சிறந்த கண் மருத்துவ நிலையங்கள் இருப்பது உண்மையே. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டிலிருந்து தொண்டாற்றி வருவது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையில் டாக்டர் பத்ரிநாத் 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் உலகப் புகழ் பெற்றவை. கண் அறுவைக்கும், அரிய நோய்களுக்கும் அங்குச் செல்வது தக்கதே. ஆனால் புதிதாக வில்லை அணிவோர்க்கு மறுவருகையே உயிர்நாடி. ஊரில் கட்டணத்தைச் செலுத்திவிட்டு மறுவருகையைக் கைவிட்டால், செலுத்தியதில் ஒரு பகுதி வீணாயிற்று. பெங்களூரில் கண் சிவந்தால், அங்கே புதிய மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து, மீண்டும் முழுக் கட்டணம் கேட்பார். அவரையும் குறை கூற இயலாது. ஆகவே, வாழும் ஊரிலேயே பொருத்திக்கொள்வது சிக்கனம். ஊரில்தான் செய்துகொள்வது என்றால், இரண்டு வாரம் தங்கும் விடுமுறையில் செய்துகொள்ளுங்கள். அளவுகள் அனைத்தும் அடங்கிய குறிப்பை எழுதி வாங்கி வாருங்கள்.

பெங்களூரில் வசதி குறைந்தோர் அரசு மருத்துவமனையை நாடலாம். சாமராஜப்பேட்டையில் உள்ள மிண்டோ கண் மருத்துவமனை 1896இல் தோன்றி, 1913 முதல் தன் பழம்பெருங் கட்டடத்தில் இயங்கி வருவது. தனியார் துறையிலும் பெரிய கண் மருத்துவமனைகள் பல இங்கு உள்ளன. கண் சிவந்து வலி கண்டால், அது வில்லையால் வந்ததோ என்ற ஐயம் எழுந்தால், கட்டணத்தைக் கணக்கிட்டு நாளைக் கடத்தாமல் வில்லையைக் கழற்றி, அதைப் பெட்டியோடும் கரைசலோடும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். புண்ணை விளைத்த கிருமியைக் கண்டறிய அவை உதவும். வெளியே மருந்துக் கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கி இடுவது கேட்டை மிகுவிக்கும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்வோம். நாம் கண் என்பதைக் கன்னடத்தார் கண்ணு என்கின்றனர். சொல் நெருங்கியதாயினும், வில்லையைக் கழுவும் முறையைப் பற்றிய விளக்கத்தைப் பாதி புரிந்துகொண்டு தலையசைத்து வருவது கண்ணுக்கு நன்மை தராது. தமிழ் அறிந்த பணியாளர் பெங்களூர் மருத்துவமனைகளில் அரியர் அல்லர். தமிழில் ஒருமுறை சொல்லுங்கள் என்று கேட்பதில் நாணம் வேண்டா. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, தமிழ் எழுத்துப் பலகையோ, எழுத்தறியாதார்க்கான குறிப்பலகையோ உண்டா என்று கேளுங்கள். படிக்கத் தெரியாத எழுத்தைப் பார்வைக் குறையாகக் கணக்கிட்டுவிடும் தவறு அதனால் நேராது.

நேயர்களே, தொடுவில்லைப் பரிசோதனையின் கட்டணத்தை வில்லையின் விலையோடு சேர்த்து, கரைசலுக்கும் ஆண்டுதோறும் மறுபரிசோதனைக்கும் ஆகும் செலவையும் கூட்டி, ஓர் ஆண்டுக்குத் தம்மால் இயலுமா என்று கணக்கிட்டே இதில் இறங்க வேண்டும். இயலாதெனில், மூக்குக் கண்ணாடி அணிவதில் இழுக்கேதும் இல்லை. அது பழுதற்ற, பாதுகாப்பான கருவி. வில்லை அணிபவரும் மாற்றுக்கு ஒரு கண்ணாடியை எப்போதும் வைத்திருக்க வேண்டும். இயலும் என்று இறங்குவோர், வில்லையின் தரத்திலும் எண்ணிக்கையிலும் எதை வேண்டுமானாலும் சிக்கனப்படுத்தட்டும். அளப்பதிலும், கற்பதிலும், மீண்டும் சென்று காட்டுவதிலும் சிக்கனம் வேண்டா. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி நம் வீடுகளில் அடிக்கடி வழங்குவது. அவ்வாறு நேராமல் முன்னரே காத்துக்கொள்வதற்கு ஆகும் செலவாகவே இக்கட்டணத்தைக் கருதுவோமாக.